நேரமின்மை காரணமாக...

கச்சேரிக்கு விமர்சனம் உண்டு. சினிமாவுக்கு இடைவேளையிலேயே விமர்சனம் வந்துவிடுகிறது. ஓட்டல் சாம்பாருக்குக்கூட நட்சத்திரம் போடுகிறோம். ஆனால், வருஷம் முழுக்க தமிழ்நாட்டில் எங்கேயாவது நடந்துகொண்டே இருக்கிற ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. பல்கலைக்கழகக் கருத்தரங்கு!

சங்கீத மேடைக்கு ஒரு சுப்புடு இருந்தார். கொஞ்சம் சறுக்கினாலும் மானம் கப்பலேறிவிடும் என்று பெரிய பெரிய வித்வான்களே பயந்தார்கள். கருத்தரங்கு மேடைக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. அதனால், அங்கே யாருக்கும் எதற்கும் பயமில்லை. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஊருக்குப் போயிருந்தேன். எனக்கு ஊர் திருவேங்கடம். உடனே லட்டு கேட்காதீர்கள், அது வேறு திருவேங்கடம். இது சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானபோது நாங்களும் குற்றாலத்தோடு சேர்ந்தோம். ஒரே மாவட்டம்தான் என்றாலும், சாரல் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

சென்னை திரும்புகிற வழியில், பேராசிரியர் நண்பர் ஒருவர் போன் செய்தார். ''எங்க பல்கலைக்கழகத்துல அரசியல் அறிவியல் துறை ஒரு கருத்தரங்கு நடத்துது. பொதுமக்களும் வரலாம். நல்ல பேச்சாளர். வந்துட்டுப் போங்களேன்!''

போனேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், அங்கே மட்டும்தான் இப்படி என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

தலைப்பு, 'இந்திய ஜனநாயகம்: சவால்களும் வாய்ப்புகளும்'. இந்தத் தலைப்பில் ஒரு வசதி. 'ஜனநாயகம்' என்பதை எடுத்துவிட்டு 'விவசாயம்' என்றோ, 'வங்கித்துறை' என்றோ போட்டுக்கொள்ளலாம். மேடையில் இருப்பவர்களை மாற்ற வேண்டியதில்லை.

அழைப்பிதழில் 10 மணி. தொடங்கியது 10.40. மேடையில் ஒன்பது நாற்காலிகள். தமிழ்த்தாய் வாழ்த்து. குத்துவிளக்கு... ஃபேன் காற்றில் அணைந்து அணைந்து, ஃபேனை நிறுத்திவிட்டு ஏற்றினார்கள். வரவேற்புரை. பிறகு பொன்னாடை. ஒன்பது பேருக்கும். போர்த்தியவருக்கு ஒரு போட்டோ, போர்த்தப்பட்டவருக்கு ஒரு போட்டோ. மாணவிகள் இரண்டு பேர் தாம்பாளத்தோடு ஓரமாகவே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிப்பவர்கள் என்று பின்னால் தெரிந்தது.

அடுத்து வாழ்த்துரை. ஒருவர் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லி 20 நிமிடம் பேசினார். இன்னொருவர், முன்னவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொல்லி, அதையே திரும்பச் சொன்னார். பேச்சாளரின் பயோடேட்டாவைப் படித்தார்கள். அதில் அவர் கலந்துகொண்ட கருத்தரங்குகளின் எண்ணிக்கை இருந்தது. அவர் எழுதிய ஒரு புத்தகத்தின் பெயர்கூட இல்லை.

சிறப்புப் பேச்சாளர் கைக்கு மைக் வந்தபோது மணி 12.10. நிஜமாகவே நல்ல பேச்சாளர். உள்ளாட்சிகளுக்கு உயிர் கொடுத்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பின் வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 12.45-க்கு ஒரு சீட்டு போனது. அவர் படித்துவிட்டுச் சிரித்தார், முடித்துக்கொண்டார்.

தொகுத்து வழங்கியவர் மைக்கைப் பிடித்து அந்த மந்திரத்தைச் சொன்னார். ''நேரமின்மை காரணமாக, கேள்வி-பதில் பகுதி ரத்து செய்யப்படுகிறது.''

நன்றியுரைக்கு நேரம் இருந்தது. அது 12 நிமிடம். மைக்செட்காரர் வரைக்கும் நன்றி சொன்னார்கள். நாட்டுப்பண். வெஜிடபிள் பிரியாணி. சான்றிதழ்.

பிரியாணி நன்றாக இருந்தது என்பதை ஒரு விமர்சகன் என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

*

சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் நின்ற பெண், தாம்பாளம் பிடித்த இருவரில் ஒருத்தி. நான் எந்த ஊர் என்று நண்பர் சொல்லியிருப்பார் போல.

''சார், நானும் உங்க பக்கந்தான். சங்கரன்கோவில் பக்கத்துல...''

''கூட்டம் எப்படிம்மா இருந்தது?''

''நல்லா இருந்துச்சு சார்'' என்றாள் மரியாதைக்கு. கையில் இருந்த நோட்டைத் திறந்து மூடினாள். ''ஒரு கேள்வி எழுதி வெச்சிருந்தேன். கேக்க முடியல.''

''என்கிட்ட கேளேன்.''

''எங்க சித்தி பஞ்சாயத்துத் தலைவி சார். 2021-ல ஜெயிச்சாங்க. ஆனா மீட்டிங்குக்குப் போறது, ஆபீஸருங்ககிட்ட பேசுறது எல்லாமே சித்தப்பாதான். சித்தி கையெழுத்து மட்டும்தான். இதுக்கு அரசியல் அறிவியல்ல என்ன பேரு சார்? இட ஒதுக்கீடு தோத்துப்போச்சுன்னு அர்த்தமா... இல்ல, இன்னும் கொஞ்ச நாள்ல சித்தியே போவாங்கன்னு அர்த்தமா?''

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால், அன்று காலையிலிருந்து அந்த அரங்கில் ஒலித்த அத்தனை வார்த்தைகளையும் விட இந்தக் கேள்வி கனமானது என்பது தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று தமிழ்நாடு 2016-ல் சட்டத்தைத் திருத்தியது. தென்காசி மாவட்டத்தில் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அந்தத் திருத்தம் ஒரு வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் இவள். அதைப் படித்து, ஆராய்ந்து, பல வருஷம் பாடம் நடத்தியவர் மேடையில் இருக்கிறார். இருவருக்கும் நடுவில் 30 அடி. அந்த 30 அடியைக் கடக்க நேரமில்லை. ஒன்பது பொன்னாடைக்கு நேரம் இருந்தது.

இயற்பியலுக்கு லேப் இருக்கிறது. வேதியியலுக்கு இருக்கிறது. தாவரவியல் மாணவர்கள் செடி, கொடி பார்க்கக் குற்றாலம் மலைக்கு வருகிறார்கள். அரசியல் அறிவியலுக்கு லேப் எது?

அந்தக் கேள்வி நேரம்தான் லேப். ஒருவர் ஒரு கருத்தைச் சொல்கிறார். அது பிடிக்காத இன்னொருவர் எழுந்து, சட்டையைப் பிடிக்காமல், 'அது எப்படி?' என்று கேட்கிறார். சொன்னவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது மனிதர்கள் இரண்டையும் கேட்டு முடிவு செய்கிறார்கள். ஜனநாயகம் என்று புத்தகத்தில் 400 பக்கம் படிக்கிற சமாசாரத்தின் செய்முறைப் பயிற்சி இது. லேப் இல்லாமல் வேதியியல் பட்டம் கொடுத்தால் சும்மா இருப்போமா?

நான் சின்னப் பையனாக இருந்தபோது, திருவேங்கடத்தில் கட்சிக் கூட்டம் என்றால் மேடைக்குத் துண்டுச் சீட்டு போகும். நோட்டில் கிழித்த தாளில் பென்சில் எழுத்து. பேச்சாளர் அதை உரக்கப் படித்துவிட்டுப் பதில் சொல்வார். எழுதியது யார், எந்தக் கட்சி என்று கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பதில் சரியில்லை என்றால் மறுநாள் டீக்கடையில் தீர்ப்பு. ''என்னடே, ஒங்க ஆளு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லலையே!'' அங்கே யாருக்கும் எம்.ஏ. பட்டம் கிடையாது. லேப் இருந்தது.

கருத்தரங்கு மேடைகள் பயப்படுகிற அந்த ஒரே விஷயம் எது என்று இப்போது தெரிந்திருக்கும். கேள்வி!

*

நண்பரிடம் சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. ''உங்களுக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவீங்க. எங்க கணக்கே வேற'' என்றார்.

கணக்கு இதுதான். கருத்தரங்கு நடத்தினாலும் புள்ளி, கலந்துகொண்டாலும் புள்ளி என்று 2010-ல் யு.ஜி.சி. ஒரு முறையைக் கொண்டுவந்தது. பதவி உயர்வுக்கு அந்தப் புள்ளிகள் தேவைப்பட்டன. தரச் சான்று கொடுக்க 'நாக்' குழு வரும்போது, எத்தனை நிகழ்ச்சி நடத்தினீர்கள் என்று ஃபைலில் காட்ட வேண்டும். அழைப்பிதழ், வருகைப் பதிவு, எந்த இடத்தில் எடுத்தது என்று முத்திரை விழுந்த ஜியோடேக் போட்டோ.

''போட்டோவுல பொன்னாடை தெரியும். கேள்வி தெரியுமா?'' என்றார் நண்பர்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்ன இன்னொரு காரணமும் உண்டு. ''எவனாவது எழுந்து ஏதாவது கேட்பான். இவர் ஏதாவது சொல்லிடுவார். இன்னொருத்தன் செல்போன்ல பிடிச்சு அனுப்பிடுவான். அப்புறம் மெமோ எனக்குத்தான் வரும்.''

இதைக் கற்பனைப் பயம் என்று சொல்ல முடியவில்லை. 2021 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் ஒரு விதி போட்டது. அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனங்கள் ஆன்லைனில் சர்வதேசக் கருத்தரங்கு நடத்த வேண்டுமானால் முன்அனுமதி வாங்க வேண்டும். தேசப் பாதுகாப்பு, எல்லை, காஷ்மீர், வடகிழக்கு, அப்புறம் இந்தியாவின் உள்விவகாரங்கள் சம்பந்தப்பட்ட தலைப்புகள் அனுமதி இல்லாமல் கூடாது. அரசியல் அறிவியலில் இதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது நன்றியுரைதான்! விஞ்ஞானிகளின் அமைப்புகளே எதிர்த்ததால் அடுத்த மாதமே அந்த விதியை வாபஸ் வாங்கினார்கள்.

வாபஸ் ஆனது விதி மட்டும்தான். அதே வருஷம் ஜூலையில், மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழக மானுடவியல் துறை, அறிவியல் மனப்பான்மை பற்றி ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இணையக் கருத்தரங்கு ஏற்பாடு செய்திருந்தது. பேச்சாளர்கள் சிலரின் பெயர்களைச் சொல்லி மாணவர் அமைப்பு ஒன்று புகார் கொடுத்தது. போலீஸிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. துறை ஒதுங்கிக்கொண்டது.

நம்ம பக்கமும் உண்டு. 2020 நவம்பரில், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அருந்ததி ராயின் புத்தகத்தை நீக்கியது. மாவோயிஸ்ட்டுகளோடு அவர் காட்டில் நடந்த அனுபவம் அது. அங்கேயும் ஒரு மாணவர் அமைப்பின் புகார்தான். அதற்குப் பதிலாக வைத்தது, இயற்கை எழுத்தாளர் மா.கிருஷ்ணனின் கட்டுரைகள். கிருஷ்ணன் பிரமாதமான எழுத்தாளர், எல்லோரும் படிக்க வேண்டியவர். ஆனால், காட்டில் இருக்கிற மனிதர்களை எடுத்துவிட்டு மரங்களை மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி எனக்கு ஒரு நெருடல்.

அப்படியானால் எல்லாம் டெல்லியின் வேலை, காவிக்காரர்களின் வேலை என்று சொல்லிக் கட்டுரையை முடித்துவிடலாமா? கைதட்டல் கிடைக்கும். ஆனால், அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு இன்னொரு திருநெல்வேலிக்குப் போக வேண்டும்.

*

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தின் பெயரும் திருநெல்வேலிதான். அங்கே 'அரசியல் அறிவியல்' என்று நீட்டுவதில்லை. 'அரசறிவியல்' என்கிறார்கள், அழகாக.

2023 அக்டோபர் 31. அரசறிவியல் மாணவர்களுக்காக ஒரு பேச்சு ஏற்பாடாகியிருந்தது. பேச வேண்டியவர் வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான சுவஸ்திகா அருலிங்கம். தலைப்பு, நீதித்துறையின் சுதந்திரம்.

எவ்வளவு சூடான தலைப்பு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான் முல்லைத்தீவு நீதிபதி சரவணராஜா பதவியை ராஜினாமா செய்துவிட்டு நாட்டைவிட்டே வெளியேறினார். குருந்தூர்மலை வழக்கில் உத்தரவுகள் போட்டவர். உயிருக்கு அச்சுறுத்தல் என்று காரணம் சொன்னார். ஒரு தமிழ் நீதிபதி நாற்காலியில் உட்கார முடியாமல் போன நாட்டில், நீதிமன்றத்தின் சுதந்திரம் பற்றி ஒரு தமிழ் வழக்கறிஞர், தமிழ் மாணவர்களிடம் பேச வருகிறார். இதைவிடத் தேவையான கூட்டம் அந்த மாதம் இருந்திருக்க முடியாது.

கூட்டம் நடக்கவில்லை. ரத்து செய்தது கொழும்பு அரசாங்கம் இல்லை. ராணுவம் இல்லை. மாணவர்களில் ஒரு பகுதியினரின் எதிர்ப்புதான் காரணம். முன்பு வேறொரு மேடையில் சுவஸ்திகா, விடுதலைப் புலிகளை பாசிச இயக்கம் என்று சொல்லியிருந்தார். அப்படிச் சொன்னவருக்கு இங்கே மேடை கிடையாது என்றார்கள்.

அந்த மாணவர்களின் வலியை நான் குறைத்துப் பேசத் தயாராக இல்லை. அது முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்த தலைமுறை. 2021 ஜனவரி 8 இரவு, அந்த வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இடித்தபோது, கொதித்து எழுந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றே நாளில் மறுபடி அடிக்கல் நாட்டவைத்தார்கள். நினைவுகூரும் உரிமைக்காகப் போராடி ஜெயித்த வளாகம் அது.

அதனால்தான் வருத்தம் அதிகம். 'பாசிசம் என்றால் என்ன? எந்த அளவுகோலை வைத்து அந்த வார்த்தையை அந்த இயக்கத்தின் மேல் வைக்கிறீர்கள்?' இதைவிடச் சிறந்த அரசறிவியல் கேள்வி உண்டா? பரீட்சையில் 20 மார்க்குக்குக் கேட்கலாம். எதிர்த்த மாணவர்கள் முன் வரிசையில் வந்து உட்கார்ந்து, பேச்சு முடிந்ததும் எழுந்து இதைக் கேட்டிருந்தால், சுவஸ்திகா பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பதில் பலவீனமாக இருந்தால் அரங்கமே பார்த்திருக்கும். பலமாக இருந்தால் இவர்கள் யோசித்திருக்கலாம். இரண்டும் நடக்காமல் போனதில் யாருக்கு என்ன லாபம்? நீதிபதி வெளியேறிய கதை மட்டும் பேசப்படாமல் போனது.

அந்தத் திருநெல்வேலியின் நினைவில் இன்னொரு பெயரும் உண்டு. டாக்டர் ரஜனி திராணகம. அதே பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். ராணுவம், அமைதிப்படை, இயக்கங்கள் என்று யாரையும் விடாமல் கேள்வி கேட்டவர். 1989 செப்டம்பர் 21 அன்று, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள்தான் கொன்றார்கள் என்று அவரது குடும்பத்தாரும் தோழர்களும் சொல்லிவருகிறார்கள். கேள்விக்குத் துப்பாக்கி பதில் சொன்ன காலம் அது. துப்பாக்கி போய்விட்டது. கேள்வி இன்னும் உள்ளே வர முடியவில்லை.

சரி, இதையே எங்கள் ஊர்ப் பக்கமிருந்து பாருங்கள். திருவேங்கடத்துக்குப் பக்கத்தில்தான் கலிங்கப்பட்டி. வைகோவின் சொந்த ஊர். 2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசினார். அதற்காக 'பொடா'வில் உள்ளே போனவர், 19 மாதம் சிறையில் இருந்தார். அந்தச் சட்டம் வந்தபோது அவருடைய கட்சியும் டெல்லி ஆளுங்கட்சிக் கூட்டணியில் இருந்தது என்பது தனி வேடிக்கை. 2003 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், பயங்கரவாதத்தை வளர்க்கும் நோக்கம் இல்லாமல் வெறும் வாய் வார்த்தையில் ஆதரிப்பது அந்தச் சட்டப்படி குற்றமாகாது என்று விளக்கம் கொடுத்தது.

ஒரே இயக்கம். ஆதரித்துப் பேசியவருக்கு இங்கே சிறை. எதிர்த்துப் பேசியவருக்கு அங்கே மேடை இல்லை. வைகோவுக்கு நடந்தது அநியாயம் என்று நினைப்பவர்கள், சுவஸ்திகாவுக்கு நடந்ததையும் அநியாயம் என்று சொல்ல வேண்டும். சுவஸ்திகாவுக்காகக் கையெழுத்துப் போடுபவர்கள், வைகோவுக்காகவும் போட்டிருக்க வேண்டும். இரண்டிலும் கையெழுத்துப் போடுகிற ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

*

இப்படிப்பட்ட ஆள் நிஜத்தில் உண்டா? ஒருவரைச் சொல்கிறேன். ஆச்சரியமான இடத்தில் இருந்தவர்.

2013 பிப்ரவரி 7. நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் ஒரு கூட்டம். இஸ்ரேலைப் புறக்கணிக்க வேண்டும் என்ற இயக்கத்தைப் பற்றிப் பேச ஜூடித் பட்லர், ஒமர் பர்கூத்தி என்று இரண்டு பேர். ஏற்பாடு செய்தது ஒரு மாணவர் அமைப்பு. கல்லூரியின் அரசியல் அறிவியல் துறை தன் பெயரையும் ஆதரவாளர் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அவ்வளவுதான், ஊரே இரண்டுபட்டது. அந்தக் கல்லூரியின் பழைய மாணவரான பிரபல வக்கீல் ஆலன் டெர்ஷோவிட்ஸ் கண்டித்தார். நகர சபை உறுப்பினர்கள் சிலர், நிதியில் கைவைக்க நேரும் என்கிற தொனியில் கடிதம் எழுதினார்கள்.

அப்போது மேயர் மைக்கேல் புளூம்பெர்க். யூதர். இஸ்ரேலின் உறுதியான ஆதரவாளர். அவர் நிருபர்களிடம் சொன்னதன் சாரம் இது: அந்தப் புறக்கணிப்பு இயக்கம் சுத்தமாக எனக்குப் பிடிக்காது. ஆனால், கூட்டத்தை நடத்த அந்தத் துறைக்கு உரிமை உண்டு. எதைப் பேசலாம் என்று அரசாங்கம் முடிவு செய்கிற பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் வட கொரியாவுக்கு விண்ணப்பம் போடுங்கள்.

கூட்டம் நடந்தது. நகரம் இடிந்து விழவில்லை.

இதை 'வெள்ளைக்காரன்னா வெள்ளைக்காரன்தான்' என்று சிலாகிக்கச் சொல்லவில்லை. அதே கூட்டத்தில் நான்கு யூத மாணவர்களை வெளியே அனுப்பினார்கள். அதற்கு நியாயமான காரணம் இல்லை என்று பல்கலைக்கழகம் வைத்த விசாரணையிலேயே பின்னால் தெரிந்தது. மேடைச் சுதந்திரத்துக்காகச் சண்டை போட்டவர்களே அரங்கச் சுதந்திரத்தில் சறுக்கினார்கள். பேசுகிறவருக்கு மைக் வேண்டும் என்பது எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் பிடிக்காதவருக்கும் நாற்காலி வேண்டும் என்பது.

நமக்கு இந்தப் பாடம் சொல்ல நியூயார்க்கும் தேவையில்லை. 1943-ல் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று தமிழ்நாடு விவாதித்தது. இன்றைக்கு இந்தத் தலைப்பை நோட்டீஸில் அச்சடிக்கக்கூட ஆள் கிடைக்காது. பிப்ரவரியில் சென்னை சட்டக் கல்லூரியில் ஒரே மேடையில் அண்ணாவும் ரா.பி.சேதுப்பிள்ளையும். மார்ச்சில் சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும். கம்பனுக்காக வாதாடிய இருவருமே எங்கள் பக்கத்துக்காரர்கள். ஒருவர் நெல்லைக்குப் பக்கத்து ராஜவல்லிபுரம். இன்னொருவர் எட்டயபுரம். கம்பனை உயிராக நினைத்தவர்கள், அவனைக் கொளுத்தச் சொன்னவரோடு ஒரே மேடையில் உட்கார்ந்து பதிலுக்குப் பதில் பேசினார்கள். கம்பன் எரிந்துபோகவில்லை. அண்ணாவும் கெட்டுப்போகவில்லை. கேட்டவர்கள்தான் கொஞ்சம் பெரியவர்கள் ஆனார்கள்.

ரத்தாகும் பேச்சுக்கும் நமக்கு ஒரு மூதாதை உண்டு. 1936-ல் லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் என்கிற அமைப்பு, தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க டாக்டர் அம்பேத்கரைக் கூப்பிட்டது. உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு, சில பகுதிகளை எடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. அவர் அந்த உரையைச் சொந்தச் செலவில் அச்சடித்தார். 1,500 பிரதிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. தமிழிலும் சீக்கிரமே வந்தது. மூன்று வருஷம் கழித்து, 1939 ஜனவரியில், புனேவின் கோகலே அரசியல்-பொருளாதார நிறுவனம் அதே அம்பேத்கரைக் கூப்பிட்டு மேடை கொடுத்தது. 1935-ம் வருஷச் சட்டம் கொண்டுவர இருந்த கூட்டாட்சித் திட்டத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்.

லாகூர்க்காரர்களின் பெயர் இன்று எதற்காக நினைவில் இருக்கிறது? கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தியதற்காக. அரசறிவியல் துறைகள் கவனிக்க வேண்டிய சரித்திரம் இது.

*

விமர்சகன் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பார்கள். சரி, காசு செலவில்லாத மூன்று யோசனைகள்.

ஒன்று: எல்லாப் பொன்னாடைகளையும் கூட்டம் முடிந்த பிறகு, டிபன் சாப்பிடும் இடத்தில் போர்த்துங்கள். வேண்டுகிறவர்கள் இருந்து போர்த்திக்கொள்ளட்டும்.

இரண்டு: பேச்சுக்கு எவ்வளவு நேரமோ, கேள்விக்கும் அவ்வளவு நேரம். அந்த நேரத்தை அழைப்பிதழிலேயே அச்சடியுங்கள். 'நாக்' குழுவும் எத்தனை கூட்டம் என்று கேட்பதோடு, எத்தனை கேள்வி என்றும் கேட்கட்டும். ஒரு காலம் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

மூன்று: முதல் கேள்வி மாணவருடையது. தமிழில் கேட்கலாம். எழுந்து பேசக் கூச்சமா, பெயர் இல்லாமல் துண்டுச் சீட்டு அனுப்பலாம். பென்சிலில் எழுதினாலும் செல்லும். திருவேங்கடத்தில் செல்லுபடியான முறை, பல்கலைக்கழகத்தில் செல்லாமல் போகாது.

பேச்சாளரைப் பிடிக்கவில்லையா? வாசலில் கறுப்புக் கொடி காட்டுங்கள், அது உங்கள் உரிமை. காட்டிவிட்டு உள்ளே வந்து உட்காருங்கள். ஒரு கேள்வி கேளுங்கள்.

பிரியாணி வரிசையில் அந்தப் பெண்ணிடம், ''பேச்சாளர் அதோ கை கழுவிட்டு இருக்கார், போய்க் கேளேன்'' என்றேன். அவள் போவதற்குள் அவரைக் காரில் ஏற்றிவிட்டார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம்.

அவளுடைய கேள்வியை மேலே அப்படியே அச்சிட்டிருக்கிறேன். அன்று மேடையில் இருந்த ஒன்பது பேரில் யாராவது இதைப் படித்தால், பதில் எழுதலாம். அவளிடம் சேர்த்துவிடுகிறேன். அவசரம் இல்லை. அவளுக்கு நேரம் இருக்கிறது.